முகாம் முடிந்த மறுநாள்

இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சையைப் பெறுகிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர் 180 பேருக்கு ஒருவர். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நாடு முழுவதும் நடத்தி, 2019இல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு இது. மீதிப் பேரைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சென்னைக்கு வடக்கே 60 கிலோமீட்டருக்குள் இருக்கும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களைப் போன்ற ஊர்களில்தான் இருக்கிறார்கள். ராத்திரி வலை போட்டு விடியலில் கரையேறுகிறவருக்கு, மாநகரத்து மருத்துவமனையில் வாரக்கணக்கில் தங்குவது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமே இல்லை. இரண்டு நாள் ஏரிக்குப் போகாவிட்டால் வீட்டில் உலை வைக்கக் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

நோயாளி வரமாட்டார் என்றால் மருத்துவம் அவர் ஊருக்குப் போகட்டும் என்று சிலர் யோசித்தார்கள். ராஜஸ்தானில் ஜோத்பூரை அடுத்த மானக்லாவ் கிராமத்தில், அபின் பழக்கத்துக்கு ஆளானவர்களுக்காக நாராயண் சிங் 1970களின் இறுதியில் முகாம்களைத் தொடங்கினார். தமிழகத்தில் அதைக் குடிநோய்க்குச் செய்து காட்டியவர் சாந்தி ரங்கநாதன். குடியால் கணவரை இளம் வயதிலேயே பறிகொடுத்தவர் அவர். 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். மக்கள் 'டி.டி.கே. ஆஸ்பத்திரி' என்று சொல்வது அதைத்தான். 1989இல் அந்த மருத்துவமனை, இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள மஞ்சக்குடியில் தன் முதல் கிராம முகாமை நடத்தியது. ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த அனுபவத்தை அவர் 'அடிக்‌ஷன்' என்ற பன்னாட்டு ஆய்விதழில் எழுதினார். அதன்பின் முகாம் முறை பல ஊர்களுக்குப் பரவியது.

முறை எளிமையானது. உள்ளூரில் செல்வாக்குள்ள ஓர் அமைப்பு இடம் தரும். மருத்துவர், செவிலியர், ஆலோசகர் கொண்ட குழு வந்து, விருப்பமுள்ள குடிநோயாளிகளைத் தேர்ந்தெடுத்துச் சுமார் பதினைந்து நாள் அங்கேயே தங்கவைத்துப் பார்க்கும். முதலில் உடம்பைத் தேற்றுவது, பிறகு கூட்டாக உட்கார்ந்து பேசுவது, தனியாகப் பேசுவது, குடும்பத்தாரை அழைத்துப் பேசுவது. முகாம் கலைந்தபின் மாதந்தோறும் குழு திரும்பி வந்து பார்க்கும்.

இதன் பெரிய பலம் முதல் நான்கு நாட்களில் தெரியும். ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் போகும். ஒன்றிரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் சிலர் இல்லாத உருவம் தெரிந்து, இல்லாத குரல் கேட்டுப் பிதற்றத் தொடங்குவார்கள். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். கோவிலில் கயிறு கட்டிக்கொண்டோ, மாலை போட்டுக்கொண்டோ, பழவேற்காட்டு மகிமை மாதா கோவிலில் நேர்ந்துகொண்டோ குடியை விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த வைராக்கியத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. 48 நாள் விரதமிருந்து சுத்தமாக இருந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் மூளையும் நரம்பும் மதுவுக்குப் பழகிப்போன ஒருவர் மருந்தில்லாமல் நிறுத்துவது ஆபத்து. அதிலும் அவர் அந்த நிலையில் படகேறி, வலிப்பு நடு ஏரியில் வந்தால் பிடித்துக்கொள்ள யார் இருப்பார்கள்? முகாமில் அந்த நாட்களுக்கு மருந்து உண்டு, தயமின் ஊசி உண்டு, இரவு விழித்திருக்கும் செவிலியர் உண்டு. இது ஒன்றுக்காகவே முகாம் முறையை ஆதரிக்கலாம்.

இன்னொரு பலம், கதவு திறந்திருப்பது. ஆளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய் மாதக்கணக்கில் பூட்டிவைக்கும் தனியார் 'மறுவாழ்வு மையங்கள்' பற்றிய செய்திகள் ஓயவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு சேர்ந்த மனநலச் சிக்கல்களையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்து, நோயாளியின் உரிமைகளை வலியுறுத்துகிறது. இருந்தும் பூட்டு தொடர்கிறது. வேறு சில வீடுகளில் 'அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்' என்று விற்கப்படும் மருந்தை நம்புகிறார்கள். டைசல்பிரம் போன்ற மருந்தை உண்டவர் அது தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, மூச்சு வாங்கி, ரத்த அழுத்தம் சரிந்து சாவின் விளிம்புக்குப் போகலாம். கணவனைக் காப்பாற்றத் துடிக்கும் பெண்ணிடம் அந்த மருந்தை விற்பது கொடுமை. முகாமிலும் அதே மருந்து தரப்படலாம், ஆனால் நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு. ஊர் பார்க்க நடக்கும் சிகிச்சையில் அடியும் பூட்டும் நுழைவது கடினம்.

இத்தனை நன்மை இருந்தும், மஞ்சக்குடியில் வேலைசெய்த முறையை அப்படியே பெயர்த்துவந்து பழவேற்காட்டில் நட்டால் வேர் பிடிக்குமா?

காவிரிப் படுகையில் நடவுக்கும் அறுப்புக்கும் இடையே கை ஓயும் நாட்கள் உண்டு. ஏரிக்கரையில் வருமானம் நாள்தோறும் காசாகக் கைக்கு வரும், நாள்தோறும் தீரும். பட்டினவர் என்னும் மீனவர் சமூகத்தின் குப்பங்களில் ஏரியின் இறால் துறைகளைப் 'பாடு' முறையில் தலைக்கட்டு வாரியாகப் பங்கிட்டு, முறை வைத்து வலை கட்டுகிறார்கள். தன் முறை வரும் நாளில் முகாமில் இருப்பவர் அதை இழக்கிறார். வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் அதற்காகக் காத்திருக்காது. பதினைந்து நாள் குடிக்காமல் இருந்து வீடு திரும்புகிறவரை முதலில் வரவேற்பது கடனாக இருந்தால், அடுத்த வாரம் அவர் எங்கே நிற்பார் என்று யாரும் ஊகிக்கலாம். முகாமைத் திட்டமிடுகிறவர்கள் இறால் பருவத்தையும் பாடு முறையையும் கேட்டறிந்து தேதி வைக்க வேண்டும். முகாமில் இருப்பவரின் முறையை ஊர் ஒத்திவைத்துக் காக்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், ஊர்க்கூட்டத்தின் ஒரு முடிவு போதும்.

ஊர்க்கூட்டம் என்று சொல்லும்போதே அடுத்த சிக்கல் வந்துவிடுகிறது. மீனவர் பஞ்சாயத்துக்கு இருக்கும் கட்டுப்பாடு வேறெந்த அமைப்புக்கும் கிடைக்காத பலம். அது சொன்னால் சாராயம் விற்பவர் கடையை மூடுவார், குடிப்பவர் முகாமுக்கு வருவார். ஆனால் அந்தப் பஞ்சாயத்தில் உட்காருகிறவர்கள் ஆண்கள். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் அதற்குள் வருவதில்லை. ஏரியை நம்பி வாழும் தலித், முஸ்லிம் குடும்பங்களும் அப்படியே. பழவேற்காட்டில் 'ஊர்' என்பது ஒன்றல்ல, பல. ஒரு குப்பத்தின் பெரியவர்களைக் கேட்டு, அந்தக் குப்பத்தின் சமுதாயக் கூடத்தில் நடக்கும் முகாமுக்கு இருளர் குடியிருப்பிலிருந்து ஒருவர் வந்து படுப்பார் என்று எதிர்பார்ப்பது வீண். உள்ளூர்ச் செல்வாக்கை நம்பி நிற்கும் முறைக்கு, அந்தச் செல்வாக்கு எட்டாத இடத்தில் இருப்பவர்கள் கண்ணில் படுவதில்லை.

தேர்வும் யோசிக்க வேண்டிய விஷயம். குடியை விட விருப்பம் காட்டுகிறவர், கடும் உடல்நோய் இல்லாதவர், துணைக்குக் குடும்பம் உள்ளவர், இவர்களைத்தான் முகாம் எடுக்கும். ஒரு கூடத்தில் கல்லீரல் பழுதடைந்தவரை வைத்துக்கொள்ள முடியாது என்பதால் மருத்துவ ரீதியாக இது சரி. ஆனால் முகாமின் வெற்றிக் கணக்கு இப்படிப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்களின் கணக்கு. அதைக் காட்டி ஊரே மீண்டுவிட்டது என்று சொல்லக் கூடாது. தனியாக வாழும் முதியவரும், மனைவி விட்டுப்போனவரும், குடிக்கும் பெண்ணும் அந்தக் கணக்கில் இல்லை.

முகாம் முறையின் மிகப் பெரிய ஓட்டை குடும்பத்தை அது பார்க்கும் விதத்தில் இருக்கிறது. மற்ற பல சிகிச்சைகளுக்கும் இதே குறை உண்டு. குடும்பத்தாருக்கு வகுப்பு எடுக்கிறார்கள், குடி ஒரு நோய் என்று விளக்குகிறார்கள், பழையதைக் குத்திக்காட்டாதீர்கள் என்கிறார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் அந்த வகுப்பில் மனைவிக்குக் கிடைக்கும் வேடம் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் துணையாள். விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடை சுமந்து ஊர் ஊராக விற்று, வட்டி கட்டி, அடியும் வாங்கிய பெண்ணின் தூக்கமின்மைக்கும் பயத்துக்கும் யார் மருந்து கொடுப்பது? மீன் விற்கும் நேரத்தில் நடக்கும் குடும்ப வகுப்புக்கு அவரால் வரவே முடியாது. வராதவரைக் 'குடும்ப ஒத்துழைப்பு இல்லை' என்று குறித்துக்கொள்வது அநியாயம்.

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சங்கத் அமைப்பு நடத்திய ஆய்வு இங்கே கண்ணைத் திறக்கிறது. அடிமை நிலைக்குப் போகாத, ஆனால் கெடுதல் செய்யும் அளவுக்குக் குடிக்கும் 377 ஆண்களில் பாதிப் பேரிடம், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு அமர்வு பேசினார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 36 சதவீதத்தினர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் அது 26 சதவீதம். மருத்துவப் பட்டம் இல்லாதவர்களாலும் இதைச் செய்ய முடியும் என்பது பழவேற்காடு போன்ற இடத்துக்குப் பெரிய நம்பிக்கை. ஆனால் அதே ஆய்வு, மனைவி மீதான வன்முறையில் அந்தப் பேச்சு எந்த மாற்றத்தையும் காட்டவில்லை என்றும் சொன்னது. குடி நின்றால் அடி தானாக நிற்கும் என்று நம்பித்தான் நம் ஊரில் எத்தனையோ பெண்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கையின் மேல் சிகிச்சையைக் கட்ட முடியாது. பெண்களுக்கான 181 உதவி எண்ணும், அவர்களுக்கென்று தனி ஆலோசகரும், கணவன் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் முகாமின் உறுப்பாக இருக்க வேண்டும். குடியை விட முயல்வோரின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு தொடங்கிய 1935க்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, குடிப்பவர்களின் உறவினர்கள் தங்களுக்கென்று அல்-அனான் அமைப்பைத் தனியே கண்டார்கள். அவர்களுக்கு அன்று புரிந்தது இன்னும் நம் முகாம்களின் கால அட்டவணைக்கு வந்து சேரவில்லை.

இதில் அரசுக்கும் பொறுப்பு உண்டு. விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே உள்ள எக்கியார்குப்பமும் ஒரு மீனவர் ஊர்தான். 2023 மே மாதத்தில் அங்கே மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். அந்த வாரம் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு ₹10 லட்சம் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அதைக் குறை சொல்ல மனம் வராது. அந்தக் குழந்தைகளுக்கு அந்தப் பணம் வேண்டும். ஆனால் அதே மனிதர் சாவதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் அந்த வீட்டுக்கு ஓர் ஆலோசகர் வந்திருந்தால் ஆகியிருக்கும் செலவு எவ்வளவு? மது சில்லறை விற்பனையை 2003 முதல் டாஸ்மாக் மூலம் தானே நடத்தும் அரசுக்கு, குடிநோயாளியின் வீட்டுவாசல் வரை போகும் கடமை இருக்கிறது.

போவதற்கு வழியும் இருக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். 2025 பிப்ரவரியில் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. கடுமையான நோயாளிகளை அங்கே அனுப்பலாம். இந்த இரண்டுக்கும் நடுவே முகாம் ஒரு கண்ணியாக நின்றால், மாதமொருமுறை சென்னையிலிருந்து வரும் குழுவை மட்டும் நம்பியிருக்கும் நிலை மாறும். குடிநோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது. மீண்டும் குடித்தவர் வெட்கப்பட்டு முகாம் குழுவின் கண்ணில் படாமல் ஒளிவார். தெருவிலேயே இருக்கும் தன்னார்வலரிடமிருந்து ஒளிய முடியாது, ஒளியத் தேவையும் இருக்காது.

அந்தத் தன்னார்வலர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வியை மனைவியிடம், அவர் தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும்: நீங்கள் தூங்கினீர்களா, இந்த வாரம் அடி விழுந்ததா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா. கணவர் குடித்தாரா என்பது அதற்குப் பிறகு. அடுத்த முகாமின் அறிக்கையில், எத்தனை ஆண்கள் பதினைந்து நாளை முடித்தார்கள் என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே, எத்தனை பெண்களிடம் இந்தக் கேள்விகள் ஓராண்டு முழுக்கக் கேட்கப்பட்டன என்ற எண்ணும் இருக்க வேண்டும்.