தூக்கிச் செல்லும் வீடும் தங்கி வாழும் வீடும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடியும் முன்பே ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிய ஜீப்புகள் அவ்வளைவுகளைக் கடந்து கேரள எல்லைக்குள் செல்கின்றன, மாலையில் திரும்புகின்றன. மலைக்குப் போகும் எப்பொருளும், அரிசியாயினும் செங்கல்லாயினும், பாதை முடிகிற இடத்தில் ஓர் ஆள் சுமக்கும் அளவுக்குப் பகுக்கப்பட்டாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடப் பாதை வழியாகக் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்தது. பெரியதைச் சிறியதாகப் பிரித்து ஏற்றுவதும் இறக்குவதும் இம்மலையின் பழைய அறிவு.

பகுதி பகுதியாக வார்த்து, கொண்டு சென்று, பொருத்திக் கட்டப்படும் ஒரு வீட்டைப் பற்றி எழுத முற்படும் நாம், இம்மலைச்சரிவையே அதற்கு உரைகல்லாகக் கொள்ள விரும்புகிறோம். அவ்வீடு இங்கே கட்டப்பட்டதன்று. ஆரோவில்லில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் அனுபமா குண்டூ உருவாக்கிய ‘ஃபுல் ஃபில் ஹோம்ஸ்’ என்னும் வடிவமைப்பு அது. அதன் முன்மாதிரி 2015ஆம் ஆண்டை ஒட்டி உருப்பெற்றது. ஆனால் ஏழைக்கான வீடு என்று முன்வைக்கப்படும் எதுவும் ஏழை வாழும் நிலத்தில் நிறுத்திப் பார்க்கப்பட வேண்டும் என்பது நம் கருத்து.

முதலில் அதன் அமைப்பை நோக்குவோம். கம்பி வலையின்மீது சிமெண்ட் கலவையை மெல்லிய ஓடுபோல் பூசிச் செய்யும் ஃபெரோசிமெண்ட்தான் இதன் மூலப்பொருள். இது புதியதன்று, பிரான்சு நாட்டின் லாம்போ என்பவர் 1848இலேயே இம்முறையில் படகு செய்தார். குண்டூவின் வீட்டில் இப்பொருள் உள்ளீடற்ற பெட்டிகளாக வார்க்கப்படுகிறது. பெட்டிகளை அடுக்கினால் அதுவே சுவர். உட்பக்கம் திறந்திருப்பதால் அதே சுவர் அலமாரியுமாகிறது. துணி, பாத்திரம், புத்தகம் யாவும் சுவரின் வயிற்றுக்குள் அடங்கிவிட, சிறிய தரைப்பரப்பு முழுவதும் மனிதர் புழங்குவதற்கு மிஞ்சுகிறது. நிரப்புதல், நிறைவு என்னும் இரு பொருளும் பெயரில் ஒலிப்பது இதனால்தான். ஒரு வாரத்திற்குள் பொருத்தி முடிக்கலாம். வேண்டும்போது பிரித்தும் எடுக்கலாம்.

இவ்வடிவமைப்பில் நாம் பெரிதும் மதிப்பது விரைவை அன்று. இப்பெட்டிகளைக் கொத்தனார் தம் வீட்டுக் கொல்லையிலேயே வார்க்க முடியும் என்பதே இதன் உண்மையான சிறப்பு. முன்வார்ப்பு என்றதும் தொலைவிலுள்ள பெரிய தொழிற்சாலையும் பளுதூக்கியும் நம் நினைவுக்கு வருகின்றன. அத்தகைய முறையில் கூலியாகச் செல்ல வேண்டிய பணம் இயந்திரத்துக்கும் சரக்கு வண்டிக்கும் சென்றுவிடுகிறது. இங்கோ வேலை ஊருக்குள்ளேயே தங்குகிறது, கைத்திறனும் தங்குகிறது.

கைத்திறன்மீதான இம்மதிப்பு அவருடைய பணியில் திடீரென முளைத்ததன்று. 2000ஆம் ஆண்டில் ஆரோவில்லில் முடிக்கப்பெற்ற அவருடைய ‘வால் ஹவுஸ்’, அச்சுக்கல் எனப்படும் மெல்லிய நாட்டுச் செங்கல்லாலும், கூரையில் பதித்த குயவரின் மண்கலங்களாலும் அமைந்தது. 2012இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் அவ்வீடு முழு அளவில் மறுபடியும் கட்டப்பட்டபோது, இந்தியாவிலிருந்து சென்ற கைவினைஞர்கள் அங்குள்ள மாணவர்களோடு சேர்ந்து அதனை எழுப்பினர். வரைபடம் வரைந்தவரோடு சுவர் எழுப்பியவரும் கலைக்கூடத்துக்குள் நுழைந்த அந்நிகழ்வு நினைவிற் கொள்ளத்தக்கது.

இம்மரபில் நம் வாசகர்கள் அறிய வேண்டிய மற்றொரு கண்ணியும் உண்டு. ஈரானில் பிறந்த நாதிர் கலீலி, பெருநகரக் கட்டடத் தொழிலை விட்டுவிட்டு 1970களில் பாலை நிலத்துச் சிற்றூர்களுக்குச் சென்றார். மண் வீட்டையே சூளையாக்கி உள்ளே தீ மூட்டிச் சுட்டெடுக்கும் முறையை ஆராய்ந்தார். அவருடைய முயற்சியால் தூண்டப்பட்ட குயக்கலைஞர் ரே மீக்கர், 1980களில் புதுச்சேரிப் பகுதியில் அவ்வாறே வீடுகளைச் சுட்டார். வீட்டுக்குள் செங்கல்லையும் ஓட்டையும் அடுக்கிச் சுட்டால் வீடும் வேகும், சரக்கும் வேகும். பின்னர் புதுச்சேரியில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தைக் குண்டூ இம்முறையில்தான் கட்டினார். ஈரானியப் பாலையின் மண் தமிழகக் கடற்கரைக்கு வந்து சேர்ந்த கதை இது. கலையையும் சிக்கனத்தையும் பிரித்துப் பாராத பார்வை ஃபுல் ஃபில் வீட்டுக்கு இவ்வழியே வந்தது எனலாம்.

இனி, அதனை மலைச்சரிவுக்குக் கொண்டுவருவோம். சுமந்து ஏற்றத்தக்க அளவில் பெட்டிகளை வார்த்துக்கொள்ள முடிந்தால், வண்டி போகாத இடத்துக்கும் இவ்வீடு போகும். எடை குறைந்த சுவருக்கு ஆழ்ந்த கடைகால் வேண்டியதில்லை. ஆதலால் மண்ணை வெட்டுவதும் குறையும். சரிவை வெட்டித் தளமாக்குவதே பல இடங்களில் மண் சரிவதற்கு வாய்ப்பாகிறது என்பதை நினைத்தால் இது சிறிய நன்மையன்று.

குறைகளும் உண்டு. ஏலம் விளையும் மலை நிழலும் ஈரமும் நிறைந்தது. பறித்த காயை அப்படியே வைத்தால் கெட்டுவிடும் என்பதால்தான் அதனைச் சூடேற்றிய அறையில் உலர்த்துகிறார்கள். காயைக் கெடுக்கும் ஈரம் சுவர்ப்பெட்டிக்குள் மடித்து வைத்த துணியைக் கெடுக்காமல் விடுமா? வெளிச்சுவரே அலமாரியின் முதுகாக இருக்கும்போது, மழைக்காலத்தில் அங்கே பூஞ்சை படர வாய்ப்பு மிகுதி. பூச்சில் நுண்ணிய வெடிப்பு விழுந்தால் உள்ளிருக்கும் வலை துருப்பிடிக்கும். மலையடிவாரத்துப் போடியிலோ சிக்கல் வேறு. பெட்டி நிறைந்திருந்தால் வெயிலின் சூட்டை ஓரளவு தடுக்கும். வெறுமையாக இருந்தால் மெல்லிய சுவர் விரைவில் சூடேறும். பொருள் குறைந்த வீட்டில்தான் பெட்டிகள் வெறுமையாக இருக்கும். ஆகவே மிகவும் ஏழையானவரே மிகுந்த வெப்பத்தைத் தாங்க நேரும். இவை திருத்தத்தக்க குறைகள். அகன்ற இறவாரமும், அலமாரிக்குப் பின்னே காற்றுப் போகும் இடைவெளியும் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

திருத்துவதற்கு அரிய வினா ஒன்று எஞ்சுகிறது. பிரித்தெடுக்கத்தக்க வீட்டைப் பிரிக்கும் முடிவு யாருடையது?

மலைத்தோட்டங்களில் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளை ‘லயம்’ என்பர். வேலை இருக்கும் வரைதான் லயம். ஓய்வு பெற்றால் வெளியேற வேண்டியதே வழக்கம். ஒரே அறையில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, பல பத்தாண்டுகள் உழைத்த பின்னரும் அந்த மண்ணில் ஒரு சாண் தமதென்று சொல்ல இயலாதவர்கள் அவர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கி மாவட்டத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது 70 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். எந்த அடியில் லயம் நிற்கும் என்பதை முடிவு செய்தவர்கள் அதில் வாழ்ந்தவர்கள் அல்லர். எத்தகைய திறன்மிக்க சுவரும் அன்றிரவு அவர்களைக் காத்திருக்காது. நிற்கும் இடத்தைத் தேரும் உரிமையே காத்திருக்கும்.

நிலமற்றவருக்கு இலகுவான வீட்டை மட்டும் கொடுத்தால், அது அவரை அப்புறப்படுத்துவதையும் இலகுவாக்கிவிடும் என்று நாம் அஞ்சுகிறோம். பட்டா கேட்பவரிடம், “வீட்டைத்தான் கழற்றிக்கொண்டு போகலாமே, நிலம் எதற்கு?” என்று சொல்ல ஓர் அதிகாரிக்கோ தோட்ட உரிமையாளருக்கோ அதிக நேரம் பிடிக்காது. வசதியுள்ளவரின் கையில் விடுதலையாக இருக்கும் பெயர்ச்சி, வசதியற்றவரின் தலையில் நிரந்தரமின்மையாக இறங்கும்.

திருக்குர்ஆனின் ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தில் இறைவனின் அருட்கொடைகள் எண்ணிக் காட்டப்படும் இடம் இங்கு சிந்திக்கத்தக்கது. மனிதர் அமைதி பெறும் உறைவிடமாக வீடு அங்கே முதலில் கூறப்படுகிறது. அதன் பின்னரே பயணத்திலும் தங்கலிலும் சுமக்க எளிதான தோற்கூடாரம் கூறப்படுகிறது. இரண்டுமே அருட்கொடைகள், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கூடாரத்தின் இலகுத்தன்மை பயணம் செய்பவருக்குரியது. பயணம் செய்ய விரும்பாதவரைக் கூடாரத்தில் வைத்துவிட்டு, வீடு கொடுத்துவிட்டோம் என்று நாம் நிறைவடைய இயலாது.

எகிப்தின் ஹஸன் ஃபத்ஹியின் பட்டறிவும் இதையே உணர்த்துகிறது. 1940களில் லக்ஸருக்கு அருகே அவர் எழுப்பிய புதிய குர்னா கிராமம், நூபியக் கொத்தனார்களின் மண் வளைவுகளால் உலகப் புகழ் பெற்றது. ஆயினும் எவருக்காக அது எழுப்பப்பட்டதோ அம்மக்களிற் பெரும்பாலோர் பழைய ஊரை விட்டு அங்கே குடியேற மறுத்தனர். பிழைப்பும் உறவும் பழைய இடத்தில் இருந்தன. இடம்பெயர்க்கும் முடிவோ அரசினுடையதாக இருந்தது. வீட்டின் அழகு அம்முடிவின் அநீதியை ஈடு செய்யவில்லை.

ஆகவே ஃபுல் ஃபில் வீட்டைப் பற்றி நம் மதிப்பீடு இதுவே: அது நேர்மையான சிந்தனையின் விளைவு, கொத்தனாரின் கையை இகழாத நவீனம், சிறிய இடத்தை மதிக்கும் கலை. ஆனால் அது வீட்டின் பாதிதான். அடுக்கிய பெட்டிகளுக்கு அடியில் குடியிருப்பவரின் பெயரில் ஐந்து சென்ட் நிலம் இருந்தால், பிரித்தெடுக்கும் வசதி அவருடைய உரிமையாகும். மகனுக்கு ஓர் அறை கூட்டவும், மழைக்கு ஏற்ப முற்றத்தை மாற்றவும் அவரே முடிவு செய்வார். அந்நிலம் இல்லையெனில் அதே வசதி அவருக்கு எதிராகவே திரும்பும்.

விடியற்காலை ஜீப்பில் மலையேறும் தொழிலாளி தினமும் பெயர்ந்துகொண்டுதான் இருக்கிறார். அவருக்குக் கட்டடக்கலை செய்யத்தக்க பேருதவி, மாலையில் திரும்பி வருவதற்கு அசையாத ஓர் இடம். அதன்மேல் எழும் சுவர் எவ்வளவு இலகுவாக இருந்தாலும் நமக்கு மகிழ்ச்சியே.