ஆசாரியரும் பூசாரியும்: எபிரேயர் நிருபத்தில் ஒரு சொல்லாய்வு

பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், பூசாரி என்பவர் யார் என எவருக்கும் விளக்க வேண்டியிருந்ததில்லை. விடியலில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மரம் சீவிய தொழிலாளியே, திருவிழா நாளில் முனீசுவரர் முன் நின்று கிடாயைப் பலியிட்டதும் உண்டு. கிறித்தவக் குடும்பங்களோ, கிறித்துவைக் குறித்து வேறு சொற்களைக் கேட்டன. ஈப்போ சிலிபினில் உள்ள லூர்து மாதா ஆலயம் போன்ற கத்தோலிக்க ஆலயங்களில் அவர் 'குரு'. சீர்திருத்தத் திருச்சபையாரின் விவிலியத்தில் 'பிரதான ஆசாரியர்'.

இவ்விரு சொற்களும் தமிழில் முதன்மையாகக் கற்பிப்பவரையே சுட்டும். நன்னூல் கூறும் ஆசிரியன் இலக்கணத்தைப் பயின்றவருக்கு இது புதிதன்று. கிரேக்க மூலச்சொல்லோ பலிபீடத்தில் பணிபுரிபவனைக் குறிக்கிறது. லீஸ்திரா நகரில் எருதுகளையும் பூமாலைகளையும் கொண்டுவந்த புறச்சமயக் கோயிலானையும், அப்போஸ்தலர் நடபடிகள் 14ஆம் அதிகாரம் அச்சொல்லாலேயே அழைக்கிறது. அங்கே பழைய மொழிபெயர்ப்பு 'பூஜாசாரி' என்றது. கிறித்துவுக்கு வந்தபோது 'ஆசாரியர்' என்றது. மூலத்தில் ஒன்றாய் இருந்த சொல், தமிழில் சமய எல்லைக்கோட்டால் இரண்டாயிற்று. மொழிபெயர்த்தோரின் தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும், சொல் மாண்பு பெற்றது, குருதியை இழந்தது.

புதிய ஏற்பாட்டு நூல்களுள் கிறித்துவை வெளிப்படையாக இப்பெயரால் அழைப்பது எபிரேயர் நிருபம் ஒன்றே. அதற்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. மோசேயின் சட்டப்படி பலிசெலுத்தும் உரிமை லேவி குலத்தாருக்கே உரியது. இயேசுவோ யூதா குலத்தவர். நிருப ஆசிரியர் ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்துக்குச் செல்கிறார். ஆபிரகாமை அப்பமும் திராட்சரசமும் கொண்டு எதிர்கொண்ட சாலேம் அரசன் மெல்கிசேதேக்குக்குத் தந்தை, தாய், வமிச வரலாறு எதுவும் அங்கே கூறப்படவில்லை. அந்த மௌனத்தையே அவர் சான்றாக்குகிறார். தருக்க நூலார் இதனை எளிதில் ஏற்கமாட்டார், ஏற்க வேண்டியதுமில்லை. ஆயினும் இதன் வழி அவர் அடையும் முடிவு துணிவுடையது: இப்பணி பிறப்பால் வருவதன்று, 110ஆம் சங்கீதம் சொல்லும் இறைவனின் ஆணையால் வருவது. குலம் கேட்டே கருவறை வாயில் திறந்த ஒரு மரபிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடலாகாது.

அடுத்த துணிவு இதனினும் பெரிது. சங்கப் பாடல்களில் வெறியாடும் வேலன் மறியறுத்துப் பலியிடுகிறான். வேலன் வேறு, மறி வேறு. நிருபத்திலோ பலியிடுபவரும் பலிப்பொருளும் ஒருவரே. ஆசிரியர் ஒருவர் உயிர்துறந்தார் எனின் அது தியாகம். பூசாரியே கிடாயானார் எனின் அது முற்றிலும் வேறொரு செய்தி. நாள்தோறும் நின்று பலிசெலுத்தியவர்களுக்கு எதிராக, ஒரே முறை செலுத்திவிட்டு அமர்ந்தவராக அவரை நிருபம் காட்டுவதும் இதனாலேதான். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'தலைமைக் குரு' என்றது. நடை தெளிந்தது, கற்பிப்பவர் என்னும் சாயல் நீங்கவில்லை.

'பூசாரி' எனப் பெயர்த்திருந்தால் ஈப்போச் சபையோர் ஒரு கணம் துணுக்குற்றிருப்பர். நிருபத்தை முதன்முதல் கேட்டோரும் அவ்வாறே துணுக்குற்றிருக்க வேண்டும். நகர வாயிலுக்கு வெளியே கொல்லப்பட்ட, பலிபீடத்தை அணுக உரிமையே இல்லாத ஒருவரைத்தான் அவர்கள் அப்பெயரால் அழைக்கும்படி கேட்கப்பட்டார்கள்.