துலைத்தட்டில் ஏறியவர்: சேக்கிழார் காட்டும் தொழில்வாழ்வு

மனிதன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தொழிலிலேயே கழிக்கின்றான். ஆயினும், தன் மெய்யான இயல்பை வீட்டிலும் கோயிலிலும் வைத்துவிட்டு, தொழில் செய்யும் இடத்துக்கு வேறொருவனாகச் செல்வதே உலகியல் அறிவு எனப் பலர் கருதுகின்றனர். 'பக்தி வேறு, வியாபாரம் வேறு' என்பது நம்மவர் நாவில் எளிதாக வரும் பேச்சு. இப்பிரிவினையை நம் இலக்கியம் ஒப்புகின்றதா? பெரியபுராணத்தின் துணைகொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரியபுராணம் பக்திநூல் என்பதில் ஐயமில்லை. ஆனால், அதனைப் பக்திநூலென்று மட்டும் படிப்போர் அதன்கண் நிறைந்துள்ள தொழிலுலகைக் காணாது போகின்றனர். நூலாசிரியர் 12ஆம் நூற்றாண்டிற் சோழப்பேரரசின் அமைச்சராக இருந்தவர். கொடுக்கல் வாங்கல்களையும் வழக்குகளையும் அறிந்தவர். அவர் பாடிய அடியார்களுள் குயவர் உண்டு, வண்ணார் உண்டு, பரதவர் உண்டு, நெசவாளர் உண்டு, செக்காட்டுவோர் உண்டு. இவர்களுள் எவரையும் சேக்கிழார் தொழிலைத் துறந்து வரும்படி அழைக்கவில்லை. குயவர் ஓடு வனைந்து கொடுத்தே தொண்டராகின்றார்; வண்ணார் அடியாரின் உடையை வெளுத்தே தொண்டராகின்றார்; நாகப்பட்டினத்து அதிபத்தர் வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென விடுத்தே தொண்டராகின்றார். செய்யும் தொழிலுக்குள்ளேயே செய்பவரின் உள்ளம் முழுவதும் இருக்கின்றது என்பது இதன் பொருள்.

இவ்வடியார் வரலாறுகளிற் சோதனை எங்கே நிகழ்கின்றது என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அது பெரும்பாலும் ஒரு கொடுக்கல் வாங்கலிலேயே நிகழ்கின்றது. தில்லைத் திருநீலகண்டக் குயவரிடம் சிவயோகியார் ஒருவர் ஓர் ஓட்டை அடைக்கலமாக வைக்கின்றார், அது மறைகின்றது. வேறு ஓடு தருவதாகக் குயவர் கூறியும் அவர் ஏற்றாரில்லை. மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்க என்கின்றார். இளமையில் நேர்ந்த பிழையினால் மனைவியைத் தீண்டுவதில்லை என்னும் ஆணைக்கு உட்பட்டவர் குயவர். அதனை முதுமைவரை அயலார் அறியாது காத்தவர். வழக்கு தில்லைவாழந்தணர் அவை ஏறிய பின்னர், வேறு வழியின்றி, தம் வாழ்வின் மறைவான உண்மையை ஊரறியச் சொல்கின்றார். ஓர் ஓட்டைப் பற்றிய வழக்கு மனிதனின் அகத்தைப் பற்றிய வழக்காக மாறுவதை இங்குக் காண்கிறோம். ஓடு களவுபோகவில்லை என்பதை மெய்ப்பிக்கப் பொருளோ சாட்சியோ போதவில்லை. வாழ்ந்த வாழ்வே சாட்சியாக வேண்டியிருந்தது.

காஞ்சித் திருக்குறிப்புத்தொண்டர் வரலாறும் அத்தகையதே. குளிரால் வருந்தும் ஏழை முதியவராக வந்த இறைவனிடம் அழுக்கேறிய கந்தையை வாங்கி, பொழுது சாயுமுன் வெளுத்து உலர்த்தித் தருவதாக அவர் வாக்களிக்கின்றார். மழை பொழிகின்றது, வாக்குத் தவறுகின்றது. மழையைக் காரணங்காட்டித் தப்புதல் எவருக்கும் எளிது. அவரோ கந்தை புடைக்கும் கல்லில் தம் தலையை மோதுகின்றார். அச்செயலைப் பின்பற்றுக என்று எவரும் கூறார். எனினும், கூலி கொடுக்கவியலாத ஓர் ஏழைக்கு அளித்த வாக்கும் வாக்கே என்னும் உணர்வு அங்கே ஒளிர்கின்றது.

இவ்வரிசையில் முடிமணியாய் விளங்குவது அமர்நீதி நாயனார் வரலாறு. அவர் பழையாறையிற் பொன்னும் மணியும் பட்டும் விற்ற பெருவணிகர். திருநல்லூரில் மடம் அமைத்து அடியார்க்கு அமுதும் கோவணமும் அளித்தவர். பிரமசாரி வேடத்தில் வந்த இறைவன் தம் கோவணம் ஒன்றை அவரிடம் வைத்து நீராடச் செல்கின்றார், அது மறைகின்றது. மற்றைக் கோவணத்துக்கு ஒத்த நிறை தருக என்பது வேதியர் கோரிக்கை. துலை நாட்டப்படுகின்றது. ஒரு தட்டில் ஒற்றைக் கோவணம். மறுதட்டில் கோவணங்களும் பட்டும் பொன்னும் மணியும். தட்டு நேர்நிற்கவில்லை. இறுதியில் வணிகர் மனைவியோடும் மகனோடும் தாமே தட்டில் ஏறுகின்றார், தம் அன்பிற் பிழையில்லையாயின் துலை நேர்நிற்க என்கின்றார், அது நேர்நிற்கின்றது. வாழ்நாளெல்லாம் பண்டங்களை நிறுத்தவர், ஒருநாள் தம்மையே நிறுத்துக் காட்ட வேண்டியவரானார். வணிகருக்கு உரிய கருவியையே அவருக்கு உரைகல்லாக அமைத்தது சேக்கிழாரின் கவித்திறன்.

இங்கு ஒரு தடை எழலாம். 'உன்னையே முழுதும் கொடு' என்னும் இப்போதனை முதலாளிக்கு அனுகூலமன்றோ? தொழிலாளி உள்ளத்தையும் உடலையும் ஒப்படைத்துவிட்டுக் கூலியைப்பற்றி வாய்திறவாதிருத்தலே தொண்டு என இதனைத் திரித்துக் கூறுவோரும் உளர். நூலை முறையாகப் படிப்போர் இதனை ஒப்பார். துலைக்குத் தட்டுகள் இரண்டு. கேட்பவர் இறைவனேயாயினும், அவரும் தம் பொருளை ஒரு தட்டில் வைத்தே கேட்கின்றார். துலை ஊரார் முன்னிலையில் நாட்டப்படுகின்றது. அதன் முள்ளை இருவரும் காண்கின்றனர். ஒருவர் தம்மையே வைக்க, மற்றவர் ஒன்றும் வையாதிருப்பாராயின், அது தொண்டன்று, சுரண்டலேயாம்.

இவ்வேறுபாட்டை உணர்வதற்கு மாவனல்லையைச் சூழ்ந்த கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சிரட்டையில் வடியும் இறப்பர்ப்பாலும் கூடையில் நிறையும் கொழுந்தும் நாள்தோறும் நிறுக்கப்படுகின்றன. கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பது என்பது கொழுந்து மடுவத்தில் என்றுமுள்ள பூசல். நிறுப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். பறித்தவர் பெரும்பாலும் தூரநின்று கேட்பவரே. முன்னாளில் இருந்த 'துண்டு' முறை இதனினும் கொடியது. தொழிலாளியின் கடன் துண்டுச்சீட்டில் எழுதப்படும். அக்கடனை ஏற்பவர் வந்தாலன்றி அவர் தோட்டம் மாறவியலாது. அமர்நீதியார் தாமே விரும்பித் தட்டில் ஏறினார். இவர்களோ கடனுக்கு ஈடாகத் தட்டில் ஏற்றப்பட்டனர். இம்முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தோட்டத் தமிழில் வழங்கும் ஒரு சொல்லும் இங்கு எண்ணத்தக்கது. ஒருநாள் வேலைக்குத் தோட்டத்தார் வைத்த பெயர் 'பேர்' என்பதாம். குறித்த அளவு பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மனிதனைக் குறிக்கும் பெயரே கூலியின் அளவாகிவிட்டது. ஒருவர் பாதிப்பெயர் உடையவராய் மாலையில் வீடு திரும்புகின்றார் என்பதன் துயரை அச்சொல்லே கூறும். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும், அதற்கு எத்தனை கிலோ பறித்தல் வேண்டும் என்பதே தோட்டங்களில் வழக்காயிற்று. ஒரு தட்டில் ஏற்றியதை மறுதட்டில் இறக்கும் முயற்சி இதுவன்றோ?

சேக்கிழாரைப் போற்றும் நாம் அவர் நூலில் மனம் ஒப்பாத இடத்தையும் மறைக்காது கூறல் வேண்டும். திருவொற்றியூர்க் கலிய நாயனார் வறுமையுற்றுக் கூலிக்குச் செக்காட்டிய செய்தி நெஞ்சை உருக்குவது. அதுவும் கிட்டாதபோது விளக்கெண்ணெய்க்காக மனைவியை விற்க முற்படுகின்றார். வாங்குவோர் எவருமிலர் என்று நூல் கூறுவதில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. தன்னைத் தருதல் தொண்டு. பிறர் ஒருவரைத் தன் உடைமையாக எண்ணித் தருதல் எங்ஙனம் தொண்டாகும்? அமர்நீதியாரின் தட்டில் ஏறிய மனைவியின் உள்ளத்தையும் நாம் கேட்டறிய விரும்புகின்றோம். இது பழங்கதை பற்றிய வீண்வினாவன்று. தோட்டங்களில் மனைவியும் மகளும் பறித்த கொழுந்துக்குரிய சம்பளத்தைக் கணவரோ தந்தையோ கைநீட்டி வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. தன் உழைப்பின் பயனைத் தன் கையால் வாங்காதவள் எவ்வாறு தன்னைத் தானே தருபவளாவாள்?

இனி, கற்ற இளைஞரை நோக்கி ஒரு சொல். தோட்டத்திற் பிறந்து கல்வி பெற்றோர் பலர், கொழும்பிற் கடையிலோ அலுவலகத்திலோ அமர்ந்தபின், ஊர் யாதெனக் கேட்டால் 'மாவனல்லை' என்று மட்டுமே விடையிறுக்கின்றனர். தோட்டத்தின் பெயர் தொண்டையில் நின்றுவிடுகின்றது. அவர்களைப் பழித்தல் தகாது. அப்பெயரைச் சொன்னபின் தம்மை நோக்கும் கண்கள் மாறுவதை அவர்கள் கண்டிருக்கின்றனர். எனவே திருந்த வேண்டியவர் மறைப்பவர் மட்டுமல்லர். மறைக்கச் செய்யும் சமூகமும் திருந்துதல் வேண்டும். குயவர் என்றும் வண்ணார் என்றும் தொழிலை மறையாது கூறியே 'நாயனார்' எனப் போற்றிய நூலைப் பாடசாலையில் ஓதிவிட்டு, லயத்துப் பிள்ளையை இகழ்ச்சியாக நோக்கும் நாம் அந்நூலைப் படித்தவராகோம்.

தொழிலில் மெய்யாய் இருத்தல் ஒருவர் மட்டும் செய்துமுடிக்கும் அறமன்று. வாக்கைக் காத்தல் தொழில் செய்வோரின் கடன். துலையை நேர்நிறுத்தி அதன் முள்ளை யாவரும் காணச் செய்தல் செய்விப்போரின் கடன். இவ்விரண்டும் நடைபெறுகின்றனவா எனக் கேட்கும் துணிவைப் பிள்ளைகளுக்கு ஊட்டுதல் கற்பிப்போரின் கடன். சேக்கிழாரின் துலை நேர்நின்றது அற்புதத்தால் என்பர். அதற்கு முன்னரே அது ஊர்நடுவே நாட்டப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.