உடையும் உடுத்தவளும்: விஸ்லரின் பஸ்டல் வரைவுகள் குறித்து

ஜேம்ஸ் மக்நீல் விஸ்லர் 1871ஆம் ஆண்டு தொடக்கம் 1874ஆம் ஆண்டு வரை தீட்டிய திருமதி பிரான்சிஸ் லேலண்டின் உருவப்படம் இன்று நியூயோர்க்கிலுள்ள பிரிக் கலைக்கூடத்தில் உள்ளது. அப்படத்துக்கு ஆயத்தமாகப் பழுப்புத் தாளிலே கறுப்புச் சோக்கினாலும் பஸ்டலினாலும் அவர் வரைந்த சிறு வரைவுகள் சில வாஷிங்டனின் பிரியர் கலைக்கூடத்திற் பேணப்படுகின்றன. விமர்சகர்கள் உருவப்படத்தையே முதன்மையாகக் கொண்டு, வரைவுகளை அதன் படிக்கட்டுகளாகக் கணிப்பது வழக்கம். இவ்வரைவுகளே நேர்மையானவை என்பது எனது கருத்து.

பஸ்டல் என்றதும் நம் பாடசாலைப் பிள்ளைகள் கையாளும் எண்ணெயும் மெழுகும் கலந்த குச்சிகளே நினைவுக்கு வரும். விஸ்லர் கையாண்டது அதுவன்று. வர்ணத்தூளைச் சிறிதளவு பிசினுடன் சேர்த்து உருட்டி உலர்த்திய குச்சி அது. தாளின் சொரசொரப்பிலே தூள் ஒட்டி நிற்கும். விரல் பட்டால் உதிரும். துணியைக் காட்ட இதனைவிடப் பொருத்தமான ஊடகம் அரிது. தாள் முழுவதையும் விஸ்லர் நிறத்தால் மூடுவதில்லை. தாளின் பழுப்பே நடுநிறமாக நிற்க, ஒளிபடும் இடங்களில் மட்டும் இளஞ்சிவப்பும் வெள்ளையும் தொட்டுவைக்கப்படுகின்றன. தோளிலிருந்து நிலம்வரை இறங்கும் கொசுவ மடிப்புகள் சில கோடுகளிலேயே தம் பாரத்தைப் பெற்றுவிடுகின்றன. (அச்சுப் பிரதிகளைக் கொண்டே இதனைச் சொல்கிறேன், தூளின் மென்மை அச்சில் பெரிதும் மறைந்துவிடுகின்றது.)

இவ்வுடையை வடிவமைத்தவரும் விஸ்லரே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அப்பெண் தன் அலுமாரியிலிருந்து தேர்ந்தெடுத்து உடுத்தியதன்று அது. அடுக்கடுக்கான மெல்லிய துணி, அதன்மேற் சிதறிய சிறு மலர்முடிச்சுகள், தரையிலே கிடக்கும் பாயின் பின்னலோடு ஒத்திசையும் கோலம் ஆகிய யாவும் ஓவியரின் திட்டம். பணம் கொடுத்துப் படத்தை வரைவித்தவர் அவளுடைய கணவர், லிவர்பூல் கப்பல் முதலாளி பிரெடரிக் லேலண்ட். ஓவியருக்கு மாதிரியாக நின்றவளும் எப்போதும் அவளல்லள். மோட் பிராங்ளின் என்ற இளம்பெண் அவளுக்குப் பதிலாக நின்றிருக்கிறாள். ஆக, அப்படத்தில் அவளுக்கென எஞ்சுவது பக்கவாட்டில் திரும்பிய முகம் மட்டுமே. தலைப்பிலேகூட ‘தசைநிறத்திலும் இளஞ்சிவப்பிலும் ஒரு சிம்பொனி’ என்பது முதலில் வருகிறது. அவளது பெயர் பின்னரே வருகிறது.

கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்று நம்மிடையே நெடுங்காலம் நடைபெற்ற விவாதத்தில், விஸ்லர் போன்றோரை முதலாளியின் வரவேற்பறையை அலங்கரித்தவர் என்று கூறி ஒதுக்கிவிடுவது எளிது. அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஒரு மடிப்பு ஏன் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது என்பதற்கு அக்கூற்றிலே பதிலில்லை. மறுபுறத்தில், நிறங்களின் இசைவே போதும், வேறெதுவும் வேண்டா என்ற விஸ்லரின் கொள்கையும் தானாகச் சித்தித்ததன்று. பெண்ணொருத்தியின் விருப்பு, களைப்பு, பெயர் ஆகியவற்றைப் பின்தள்ளியே அவ்விசைவு கைகூடியது. உருவப்படம் இதனை மறைக்கின்றது. உடை அவளுடையது போலவும், நிற்கும் நிலை அவள் இயல்பு போலவும் அது நம்மை நம்பச்செய்கின்றது.

வரைவுகளில் அந்தப் பாசாங்கு இல்லை. முதுகுப்புறமாக நிற்கும் உருவத்தின் தலையைச் சில கோடுகளோடு விட்டுவிட்டு, கை முழுக்கவனத்துடன் உடையின்மீதே செல்கின்றது. இங்கே ஓவியர் எவரையும் வரைவதாகச் சொல்லவில்லை. ஓர் உடையை யோசிக்கிறார், அவ்வளவே. கோடு தயங்கும் இடமும் திருத்தப்பட்ட இடமும் நம் கண்முன் கிடக்கின்றன. உள்ளே நிற்பவள் லேலண்டின் மனைவியா, மோட் பிராங்ளினா என்று கேட்டால் அத்தாள் விடைசொல்லாது. அக்கேள்வியை எழுப்புவதற்கேனும் அது இடம் விடுகின்றது. முடிக்கப்பட்ட படத்தின்முன் நின்று அதனைக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

இன்னொன்று. இவ்வரைவுகளைப் பார்த்து அத்துணியை வெட்டி, அத்தனை மலர்முடிச்சுகளையும் ஒவ்வொன்றாகத் தைத்த கையொன்றும் இருந்திருக்க வேண்டும். அக்கை எந்தத் தாளிலும் இல்லை.