ஊக்கமருந்தா, கேளிக்கையா?

2025 ஏப்ரல் தொடக்கத்தில், ஐபிஎல் சூடுபிடிக்கிற நேரத்தில், சொந்தக் காரணம் என்று சொல்லி ககிசோ ரபாடா ஊருக்குக் கிளம்பிவிட்டார். குஜராத் டைட்டன்ஸ் 10.75 கோடி கொடுத்து எடுத்த ஆள். ஆடியிருந்தது இரண்டே மேட்ச். மே மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. ஜனவரியில் எஸ்ஏ20 தொடரில் எடுத்த சாம்பிளில் போதைப்பொருள் தடயம். ஒரு மாதத் தடை, ஒரு சிகிச்சைத் திட்டம், திரும்ப அணிக்கு வந்தாச்சு. 'இவ்வளவுதானா?' என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த ஒரு மாதமே எதற்கு என்றுதான் தோன்றியது.

வாடா (உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு, தமிழ் காதுக்கு வேற மாதிரி கேட்கும், என்ன செய்ய) 2021 முதல் கோகெய்ன், ஹெராயின், எக்ஸ்டசி, கஞ்சாவின் டிஎச்சி ஆகிய நான்கையும் தனி வகையாக வைத்திருக்கிறது. போட்டி இல்லாத நாளில் எடுத்தால் அதன் விதிப்படி குற்றமில்லை. போட்டிக்கு முந்தின ராத்திரி 11.59-லிருந்துதான் கணக்கு. ஆனால் முன்னாடியே எடுத்தது போட்டியன்று சிறுநீரில் மிச்சம் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஆட்டத்துக்காக எடுக்கவில்லை என்று நிரூபித்தாலும் மூன்று மாதம். சிகிச்சைக்குப் போனால் ஒரு மாதம். அதாவது, 'நீ ஏமாற்றவில்லை' என்று ஒத்துக்கொண்ட பிறகும் தண்டனை. இந்த லாஜிக்கை கோட் ரிவ்யூவுக்கு அனுப்பினால் ஜூனியர் பையனே திருப்பி அனுப்பிடுவான்.

இந்தியாவில் இதன் ஆபத்து புரிய 2013-க்குப் போகணும். பீஜிங்கில் வெண்கலம் வாங்கிய குத்துச்சண்டை வீரர் விஜேந்தர் சிங், முந்தைய மாதங்களில் ஹெராயின் எடுத்ததாக பஞ்சாப் போலீஸ் சொன்னது. நம்ம தேசிய அமைப்பான நாடா, போட்டி இல்லாத காலத்தில் ஹெராயின் தடைப்பட்டியலில் இல்லை, சோதிக்க முடியாது என்றது. சரியான பதில். விளையாட்டு அமைச்சகம் விடவில்லை, சோதிக்கச் சொன்னது. சோதித்தார்கள், ஒன்றும் இல்லை என்று மே மாதம் அறிவித்தார்கள். ஹெராயின் சிறுநீரில் தங்குவது சில நாள்தான், மாதக்கணக்கில் இல்லை. அப்புறம் அந்தச் சோதனை எதை நிரூபிக்க? விளையாட்டு ஆய்வகத்தைக் காவல் நிலையத்தின் கிளை ஆக்கியதுதான் மிச்சம்.

1985 போதைப்பொருள் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி இங்கே உட்கொள்வதே குற்றம். கோகெய்ன், ஹெராயின் என்றால் ஓராண்டு வரை சிறை. ரபாடா மன்னிப்பு கேட்டுவிட்டுப் பந்து வீசலாம். டிஎன்பிஎல்லில் இடம் பிடிக்கப் பார்க்கும் ஒரு கொட்டிவாக்கம் பையனுக்கு ஆய்வக ரிப்போர்ட் பேப்பரில் வந்தால், கிரிக்கெட்டோடு சேர்ந்து வேலை, கல்யாணம் எல்லாம் போச்சு.

பாதுகாப்பு என்ற வாதத்தை நான் லேசாக எடுக்கவில்லை. போதையில் ஒருத்தன் 145 கிமீ வேகத்தில் பவுன்சர் போட்டால் பேட்ஸ்மேன் தலை போகும். ஆனால் சிறுநீர்த் தடயம் 'எப்போதோ எடுத்தான்' என்று சொல்லுமே தவிர, 'இப்போது போதையில் இருக்கிறான்' என்று சொல்லாது. ஓஎம்ஆரில் சில அமெரிக்க கிளையன்ட் ப்ராஜெக்ட்டுக்குச் சேர்கிறவர்களிடமும் இதே சாம்பிள் கேட்பதுண்டு. அதை வைத்து யாரும் கோட் தரத்தை அளந்ததில்லை.

கஞ்சாவுக்கு மட்டும் வாடா 2013-இல் வரம்பை மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமிலிருந்து 150-க்கு உயர்த்தியது, போட்டி நேரத்தில் எடுத்தவர்கள் மட்டும் சிக்கட்டும் என்று. என்பிஏ 2023-இல் கஞ்சா சோதனையையே கைவிட்டது. லீக்குகள் போக வேண்டிய திசை அது. பழக்கம் முற்றியவருக்கு அணி டாக்டர் போதும். தானாகச் சிகிச்சைக்கு வருகிறவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தர அதே சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. வீரர் ஒப்பந்தத்தில் அதை எழுதி வைக்க லீக்குக்கு ஒரு பக்கம் போதும்.