மனமும் சமூகமும்: தயா சோமசுந்தரத்தின் இரு நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

உளவியலை நாம் பெரும்பாலும் மேனாட்டுப் பாடநூல்களின் வழியாகவே கற்கின்றோம். அந்நூல்களின் அடிப்படை அலகு தனிமனிதன். அறிகை நரம்பியலிலோ அவனது மூளை. 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்ற 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' என்ற கருத்தாக்கமும் தனியாளிடம் தோன்றும் அறிகுறிகளைக் கொண்டே வரையறுக்கப்பட்டது. இவ்வலகு எமது சூழலுக்குப் போதுமானதா? இவ்வினாவை ஆராய, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரத்தின் இரு ஆங்கில நூல்கள் பெரிதும் துணைபுரிகின்றன.

1998 இல் வெளிவந்தது 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்', அதாவது வடுப்பட்ட மனங்கள். 2014 இல் வந்தது 'ஸ்கார்ட் கொம்யூனிட்டீஸ்', வடுப்பட்ட சமூகங்கள். ஆசிரியரது சிந்தனை சென்ற திசையைத் தலைப்புகளே உணர்த்துகின்றன. போரும் இடப்பெயர்வும் தனியாளை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் அவற்றைப் பிணைத்துநின்ற நம்பிக்கைகளையும் சிதைக்கின்றன என்பதே அவர் கூறும் 'கூட்டு மனவடு'.

இக்கருத்தைக் கீரிமலையில் வைத்து நோக்கலாம். நகுலேஸ்வரத்தை அண்டிய கடலோர நன்னீர்க் கேணியில், ஆடி அமாவாசையன்று, தந்தையை இழந்தோர் நீராடிப் பிதிர்க்கடன் செய்வது வழக்கம். துயரத்துக்கு நாளும் இடமும் வகுத்து, அதனைப் பலரோடு கூடி ஆற்றும் ஏற்பாடு அது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்த மக்கள் வீடு, வளவுகளோடு இத்தகைய ஏற்பாடுகளையும் பிரிந்தனர். ஆசிரியரின் வாதம் இங்கு வலுப்பெறுகின்றது.

ஆயினும் அதன் எல்லையும் இங்கேயே புலப்படுகின்றது. காணாமலாக்கப்பட்ட ஒருவரின் மகன் கேணிக்கு வருவதா, விடுவதா? வந்தால் தந்தையின் மரணத்தை ஒப்புக்கொண்டவனாவான். வராவிடின் கடன் தவறியவனாவான். அமெரிக்க ஆய்வாளர் போலீன் பொஸ் 'தெளிவற்ற இழப்பு' என்று குறிப்பிடுவது இந்நிலையையே. காணாமற்போனோரின் குடும்பங்களைப் பற்றிச் சோமசுந்தரம் எழுதாமலில்லை. எனினும் 'கூட்டு' என்னும் அடைமொழி, எல்லோரது இழப்பும் ஒரு தன்மையது என்ற மயக்கத்துக்கு இடமளிக்கின்றது. ஊர் மீண்டு, சடங்கும் மீண்ட பின்னரும் அதில் கலந்துகொள்ள இயலாதார் உளர். அவர்களுக்கு வேண்டியது சிகிச்சை மட்டுமன்று. நடந்தது யாதென்ற விடையுமாகும். அவ்விடையை அளிக்கவேண்டியது மருத்துவமனையன்று, அரசு.

அச்சம் மூளையில் பதியும் முறையை நாம் அறியத்தான் வேண்டும். ஆனால் அம்மகனின் தடுமாற்றத்தை மூளையை மட்டும் ஆராய்ந்து விளங்கிக்கொள்ள முடியாது. ஆகவே இவ்விரு நூல்களும், அவற்றின் மீதான விமர்சனமும், எமது உளவியற் கல்வியின் தொடக்கத்திலேயே இடம்பெறுதல் வேண்டும்.