கொழுந்தும் கருவும்: மலையகப் புனைகதையிற் பெண்ணின் கருவளம் பற்றிய ஒரு நோக்கு

இலக்கியத்தை உற்பத்தி உறவுகளின் பின்னணியில் வைத்து ஆராயும் நெறி ஈழத்துத் தமிழ்த் திறனாய்வில் வேரூன்றியதன் பயனாக, மலையக இலக்கியம் உழைப்பின் இலக்கியமாக இனங்காணப்பட்டது. இது சரியான இனங்காணலே. ஆயினும் உழைப்பு என்றதும் கூடையும் மலையும் பிரட்டுக்களமுமே திறனாய்வாளர் கண்முன் நின்றன. அவ்வுழைப்பாளரைக் கருவிற் சுமந்து பெற்று வளர்க்கும் பணி தாய்மையுணர்ச்சி என்னும் தலைப்பின் கீழ் ஒதுக்கப்பட்டது. வாழ்க்கைச் சாதனங்களின் உற்பத்தி, மனிதரின் உற்பத்தி என உற்பத்தி இருதிறப்பட்டது என்பதை எங்கெல்ஸ் 1884இல் வெளிவந்த குடும்பம் பற்றிய தமது நூலின் முன்னுரையில் வலியுறுத்தினார். இவற்றுள் இரண்டாவதை நாம் போதிய அளவு கவனித்தோமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவை இன்று கூர்மைப்படுத்துவது மருத்துவத்துறையிலே தோன்றியுள்ள ஒரு பிரச்சினையாகும். புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் இளம்பெண்கள் பலர் இன்று நோயினின்று மீண்டு நீண்டகாலம் வாழ்கின்றனர். ஆனால், உயிரைக் காக்கும் அதே சிகிச்சை கருவளத்தைப் பறித்துவிடக்கூடும். பெண்ணொருத்தியின் சூலகத்திலுள்ள முட்டைகளின் தொகை பிறப்பின்போதே வரையறுக்கப்பட்டது. சைக்ளோபொஸ்பமைட் போன்ற மருந்துகளும் இடுப்புப் பகுதிக்கு அளிக்கப்படும் கதிர்ச் சிகிச்சையும் அச்சேமிப்பை அழிப்பன. இதனாலேயே சிகிச்சை தொடங்குமுன் முட்டைகளையோ முளையங்களையோ உறைநிலையிற் சேமிக்கும் முறை வளர்ந்தது. இதற்குப் பொதுவாக இரு வாரங்கள் வேண்டும். சூலக இழையத்தையே எடுத்துச் சேமித்து, பின்னர் மீளப் பொருத்தும் முறையும் உண்டு. அம்முறையினால் ஒரு பெண் முதன்முதலாகக் குழந்தை பெற்றது 2004இல் பெல்ஜியத்திலாகும். காலமே இங்கு முதன்மையான காரணி. முதல் ஊசி ஏற்றப்படுமுன் கேட்கப்படாத கேள்வியைப் பின்னர் கேட்பதாற் பயன் மிகக் குறைவு.

இக்கேள்வி அற்றன் அல்லது நுவரெலியாவின் தோட்டமொன்றிலிருந்து, நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து, மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்லும் கொழுந்து பறிக்கும் பெண்ணை எவ்வாறு சென்றடையும்? இதற்கு விடை காண, அவளது கருவளத்தைத் தோட்டம் இதுகாறும் எவ்வாறு மதித்து வந்தது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

கோப்பிப் பயிருக்குப் பருவகால உழைப்பே பெரிதும் வேண்டியிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் பரவிய தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் தேவைப்பட்டன. எனவே குடும்பங்கள் லயங்களிலே நிலையாகக் குடியமர்த்தப்பட்டன. 1939இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் புலம்பெயர்வதைத் தடைசெய்தது. அதன்பின் தோட்டத்தின் நாளைய உழைப்பாளர் லயத்துப் பெண்ணின் வயிற்றிலிருந்தே வரவேண்டியவராயினர். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதே 1939இல் இயற்றப்பட்டமை தற்செயலாயினும் பொருள் பொதிந்தது.

பின்னர் காற்றுத் திசைமாறியது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாக்கிப் பங்கிட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாலே தோட்டங்கள் அரசுடைமையாயின. மிகையான தொகையெனக் கருதப்பட்ட மக்களிடையே குடும்பத் திட்டம் தீவிரமாக நுழைந்தது. 1980இலிருந்து கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணம் வழங்கலாயிற்று. நிரந்தரக் கருத்தடை செய்துகொண்ட பெண்களின் விகிதம் நாட்டின் ஏனைய துறைகளைவிடத் தோட்டத்துறையிலே மிக உயர்ந்திருந்ததை அடுத்துவந்த தேசிய ஆய்வுகள் காட்டின. அடுத்தடுத்த பேறுகளினின்று இது பல பெண்களுக்கு விடுதலை தந்தது என்பதை மறுத்தற்கில்லை. பிரச்சினை கருத்தடையன்று, முடிவு யாருடையது என்பதே. வறுமையும், கையிற் கிடைக்கும் பணமும், தோட்ட நிருவாகத்தின் சொல்லும் சேர்ந்து வழங்கிய சம்மதம் எத்துணைச் சுதந்திரமானது என ஆய்வாளர் வினவியுள்ளமை நியாயமே.

இவ்வரலாற்றை மலையகப் புனைகதை எவ்வாறு எதிர்கொண்டது? மலையகத்தைக் களமாகக் கொண்ட தொடக்ககால ஆக்கங்களுள் ஒன்றான புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில், மருதியின் உடல் தோட்ட அதிகாரத்தின் நுகர்பொருளாகி நோயுற்றுச் சிதைகிறது. கங்காணி முதல் மேலதிகாரி வரை நீளும் அதிகாரப் படிவரிசை பெண்ணின் உடலிலே நோயாகப் பதிவதைக் கதை காட்டுகிறது. ஆயினும் மருதி இரக்கத்திற்குரியவளாகவே நிற்கிறாள். தன் உடல்பற்றித் தீர்மானிப்பவளாக அவளைக் காண அக்காலச் சூழல் இடந்தரவில்லை.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது. தோட்ட வாழ்வைப் பெண்ணொருத்தியின் வாழ்வாக விரித்த இந்நாவலிலே தலைமுறை என்பது வெறும் காலக்கணக்கன்று; பெற்றும் இழந்தும் வளர்த்தும் பெண் செலவிட்ட உடல்வலுவின் கணக்கு. இலக்கிய வரலாற்று நூல்கள் இதனைக் குடியேற்றக் கதையாகவே பெரிதும் கண்டன. மனிதரின் உற்பத்தி பற்றிய நாவலாகவும் இதனை வாசித்தல் தகும்.

என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ மலையகச் சிறுகதையின் ஒரு திருப்புமுனை. கூடையின் எடையிலே ஓர் இளம்பெண்ணின் மானம் தங்கி நிற்பதை இராமையா எத்தகைய கோஷமுமின்றிக் காட்டுகிறார். இங்கு பெண் செயலுடையவள். தன் திறனைத் தானே நிறுவுகிறாள். ஆனால் அவள் திறனை அளக்கும் அளவுகோல் தோட்டத்தின் தராசே. இளமையின் வலு கொழுந்தாக அளக்கப்படும் உலகில், அவ்விளமையின் பிற ஆசைகளுக்கு அளவுகோல் ஏது என்ற வினா கதைக்கப்பால் நம்மைத் தொடர்கிறது.

இத்துறையில் மிகவும் துணிவுடைய கதை தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ எனலாம். வளர்ந்த பிள்ளைகளோடு ஒற்றைக் காம்பராவில் ஒடுங்கிக் கிடக்கும் தம்பதியரின் வாழ்வையும், இருளில் ஒரு தந்தைக்கு நேரும் தடுமாற்றத்தையும் அவர் எழுதினார். ஒழுக்கக்கேடென எளிதிற் பழிக்கப்படக்கூடியதைக் குடியிருப்பின் பரப்பளவோடு இணைத்துக் காட்டியமையே அதன் வெற்றி. இல்லறத்தின் அந்தரங்கம்கூட லயத்தை வகுத்தவனால் வகுக்கப்படுகிறது என்ற உண்மை ஆய்வுக்கட்டுரை எதனினும் கூர்மையாக அங்கு வெளிப்படுகிறது. ஆயினும் அவலத்தின் சுமை தந்தையின் மனச்சாட்சியிலேயே இறக்கப்படுகிறது. தாயும் மகளும் அவ்விருளைப்பற்றி என்ன எண்ணினர் என்பது எழுதப்படாத மறுபாதி.

மேற்காட்டிய ஆக்கங்கள் உடலின் துன்பத்தை உண்மையாகச் சித்திரிக்கின்றன. துன்பத்திற்குச் சமூகக் காரணம் காண்கின்றன. பெண்ணின் கருவளம் அவளுக்கே உரியதோர் எதிர்காலம் என்ற நோக்கு மட்டும் அவற்றில் முழுமையாக உருப்பெறவில்லை. படைப்பாளிகளின் குறைபாடென இதனைத் தள்ளிவிடலாகாது. அவள் வயிற்றுக்குரிய கணக்கைத் துரைத்தனமும் அரசும் எழுதிவந்த சமூகத்தில், அவள் தன் கணக்கைத் தானே எழுதும் மொழி உருவாகக் காலம் செல்லும்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழக்கூடும். தூய நீரும் தகுந்த கழிப்பிடமும் உரிய காலத்தில் நோயறிதலும் அரிதாகவுள்ள இடத்தில், முட்டைகளை உறைய வைப்பது பற்றிப் பேசுவது மேல்வர்க்க ஆடம்பரம் அல்லவா? உயிர் முதலில், மகவு பின்னர் என்பது நல்லெண்ணம் போலவே ஒலிக்கும். ஆனால் அது, உழைக்கும் பெண்ணுக்கு உயிர்பிழைத்தலே போதும் என்னும் பழைய தோட்டக் கணக்கின் புதிய வடிவமும் ஆகும். குழாய்வழிக் கருத்தரிப்புச் சேவை இந்நாட்டிலே பெரும்பாலும் நகரத் தனியார் நிலையங்களைச் சார்ந்தே வளர்ந்தது. ஆதலால் அது பணமுடையோர் பக்கமே நின்றது. கருவளத்தை முடித்துவைக்கும் நுட்பம் தோட்டத்தைத் தேடி வந்தது, அதுவும் பணத்தோடு. அதனைப் பேணும் நுட்பத்தைத் தோட்டத்துப் பெண் பணத்தோடு தேடிச் செல்லவேண்டும். இம்முரணிலே வர்க்கத்தின் முகம் தெளிவாகத் தெரிகிறது.

இந்நுட்பம் நமது பிராந்தியத்திற்கு அந்நியமானதுமன்று. 1978 அக்டோபரில், உலகின் முதற் குழாய்வழிக் குழந்தை பிறந்து மூன்று மாதங்களுக்குள், கல்கத்தாவிலே மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், உறையவைத்த முளையத்தினின்று ஒரு குழந்தையைப் பிறப்பித்தார். அதிகார வர்க்கம் அவரை நம்ப மறுத்தது. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். விஞ்ஞானமும் யாருடைய கையில் இருக்கிறது என்ற வினாவுக்கு உட்பட்டதே.

மேலும், கருவளம் பேணும் வழிகள் யாவும் ஒரே விலையுடையனவல்ல. கதிர்படும் எல்லைக்கு வெளியே சூலகங்களை நகர்த்தி வைக்கும் சத்திரசிகிச்சை உண்டு. சிகிச்சைக் காலத்திற் சூலகத்தை ஓய்வுறச் செய்யும் ஊசிமருந்து, உறைநிலைச் சேமிப்புக்கு ஈடாகாவிடினும், மார்பகப் புற்றுநோயாளர் சிலருக்கு உதவுகிறது. இவற்றுக்கெல்லாம் முற்பட்டது ஒரு வார்த்தை: “உனக்குப் பிற்காலத்திற் பிள்ளை வேண்டுமா?” என்று அவளிடம், அவளது மொழியில், கணவனையோ மாமியாரையோ தோட்ட உத்தியோகத்தரையோ இடைநிறுத்தாமற் கேட்பது. அதற்கு எந்த இயந்திரமும் வேண்டியதில்லை. வேண்டாம் என அவள் விடையளிப்பின் அதுவும் அவளுரிமையே. பெறும் உரிமையும் பெறாதிருக்கும் உரிமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன.

இதனால் முற்போக்குத் திறனாய்வின் முன் இரு பணிகள் உள்ளன. லயம், கூலி, வாக்குரிமை ஆகியவற்றோடு உடலின் எதிர்காலத்தையும் மலையக இலக்கிய ஆய்வின் பொருளாக்குவது ஒன்று. தாய்மையைப் புனிதமாக்கிப் பெண்ணை அதனுட் பூட்டும் மரபையும், அவளது கருவை ஆட்பலக் கணக்காக்கும் நிருவாக மரபையும் ஒருங்கே விமர்சிப்பது மற்றொன்று. மலையகப் பெண் எழுத்தாளர் இப்பொருளை எடுத்தாளும்போது, அதனை உழைப்பின் இலக்கியத்தினின்று விலகலாக அன்றி அதன் நிறைவாகவே வரவேற்கும் ஆயத்தம் நம்மிடம் இருத்தல் வேண்டும்.